ஒரு மாதமாகக் காயாத பெயின்ட்

இது நடந்து மூன்று வருடங்களாகின்றன. மழைக்காலம். கண்டி ஆஸ்பத்திரியில் மகளைக் காட்டிவிட்டு ஹுன்னஸ்கிரியவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம். வீட்டாரையும் வெளியாள் ஒரே ஒருவரையும் தவிர வேறு யாரிடமும் இதைச் சொன்னதில்லை. நான் பேச்சில் மட்டம். கடையில் கேட்டது ஒன்றும் கட்டிக் கொடுத்தது வேறொன்றுமாக இருந்தாலும், மாற்றிக் கேட்கக் கூச்சப்பட்டு அதையே வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் ஏச்சு வாங்குகிற ஆள்.

என்னிடம் ஒரு சின்னக் கார் இருக்கிறது. முன்பு ஓட்டிய த்ரீவீலை விற்றுவிட்டு வாங்கிய பழைய கார். தினமும் தெல்தெனியவில் நான் வேலை செய்யும் ஸ்டோருக்குப் போய் வர அதுதான். அந்த வருடம் மகளுக்கு முதல் பிள்ளை. மருமகன் கொழும்பில் வேலை என்பதால் அவள் எங்களோடு வந்து இருந்தாள். கிளினிக்குக்குக் கூட்டிப் போவதும் வருவதும் என் பொறுப்பு.

அந்த நேரம் பார்த்து காரின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் ஊரே திரும்பிப் பார்க்கும் சத்தம். எனக்கு அது போதும், தலையைக் குனிந்துகொண்டே ஓட்டினேன். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நீங்க ஸ்டார்ட் பண்ணுற நேரமெல்லாம் உள்ள இருக்கிறது திடுக்கிட்டுத் துள்ளுது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அடுத்த லீவு நாளில் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு கராஜுக்குப் போனேன். சைலன்சர் மட்டுமே செய்கிற இடம். அங்கிருந்த மெக்கானிக் பாஸ் தமிழும் சிங்களமும் கலந்து வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். போனவுடன் பிளேன் டீ ஒன்றைக் கையில் கொடுத்து என்னை ஒரு கதிரையில் உட்காரவைத்துவிட்டார். கம்பெனிச் சாமான் இப்போது வருவதில்லை என்று சொல்லி, மூன்று சைலன்சர்களை என் முன்னால் தரையில் வரிசையாகப் போட்டார்.

முதலாவது, இங்கேயே தகட்டில் செய்தது. விரலால் தட்டினால் பிஸ்கட் டின் போலச் சத்தம். "இது ஒரு மழைக்குத்தான் அண்ணே. அடுத்த மழைக்கு நீங்க திரும்பவும் இங்கதான்" என்று அவரே சொன்னார். இரண்டாவது, பளபளவென்று, பின்பக்கம் சோற்றுப் பானை வாய் அளவில் குழாய் வைத்தது. பையன்கள் விரும்பிப் போடுவது. பக்கத்தில் நின்ற ஒரு காரை ஸ்டார்ட் செய்து அதன் உறுமலைக் கேட்கவைத்தார். நான் கதிரையோடு பின்னால் போனேன். "அண்ணனுக்கு இது சரிவராது, இதப் போட்டா அண்ணன் கார விட்டுட்டு நடந்து போவாரு" என்று அங்கிருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மூன்றாவது, பெரிய கார் ஒன்றிலிருந்து கழற்றியது. வயிறு பருத்து, கனத்து இருந்தது. "சத்தமே இருக்காது. குழந்தைப் பிள்ளை தூங்கும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. மூன்றாவதைக் காட்டினேன்.

சின்னக் காருக்கு அது நீளம். இருந்த இடத்துக்குள் அதை மாட்டுவதற்காக, புகை வெளியேறும் கடைசிக் குழாயை வெட்டிக் கட்டையாக்கினார். குழாயின் வாய் பம்பருக்கு வெளியே எட்டிப் பார்க்கவில்லை, அடியிலேயே நின்றது. நான் அதைக் குனிந்து பார்த்தேன். பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று பட்டது. கேட்க வாயெடுப்பதற்குள் அவர் சைலன்சருக்கு சில்வர் பெயின்ட் அடிக்கத் தொடங்கிவிட்டார். "ரெண்டு மூணு நாள் மணக்கும் அண்ணே, பயப்பட வேணாம்" என்றார். அவருடைய தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, சிரிக்கவைத்த மனிதரின் வேலையில் குற்றம் சொல்வது எப்படி? தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

கார் அவ்வளவு அமைதியாக ஓடியது. மகள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "அப்பா, இஞ்சின் ஓடுதா இல்லையா?" என்று கேட்டாள். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

மணம் இருந்தது. பெயின்ட் என்று விட்டுவிட்டேன். பிறகு மூக்குக்கும் பழகிவிட்டது. எங்கள் பக்கம் மழையும் குளிரும் பனியும். கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டுதான் ஓடுவோம். அந்த ஒரு மாதம் முழுவதும் எனக்கு ஒரே அசதி. காலையில் ஸ்டோருக்குப் போய்ச் சேரும்போதே தலை கனக்கும், ஒரு மூட்டையைத் தூக்கினால் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருக்கும். வயது போகிறது என்று நினைத்தேன். மகள் காரில் ஏறினால் தூங்கிவிடுவாள், இறங்கியதும் வாந்தி எடுப்பாள். "முதல் பிள்ளைன்னா அப்படித்தான், நான் இவள வச்சிருக்கிறப்ப பட்டதுக்கு இது என்ன?" என்றாள் மனைவி. கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு காரணம் எங்களிடம் இருந்தது.

அந்தப் பின்னேரம் கிளினிக் முடிந்து வெளியே வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா, பஸ் கிடைக்காமல், சேலையின் கீழ்ப்பக்கமெல்லாம் நனைந்து குடையோடு நின்றார். காலையில் மருந்து எடுக்கும் வரிசையில் மகளுக்குப் பக்கத்தில் இருந்தவராம். யாழ்ப்பாணம் சொந்த ஊர், இப்போது குண்டசாலையில் மகனோடு இருக்கிறார் என்று மகள் சொன்னாள். "நம்ம வழிதானே அப்பா, ஏத்திக்குவோம்." நான் தயங்கினேன். தெரியாத ஆளோடு அவ்வளவு தூரம் என்ன பேசுவது என்ற பயம்தான். அதற்குள் மகள் கதவைத் திறந்துவிட்டாள். மனைவி என் பக்கத்தில், அந்த அம்மா பின்னால் மகளோடு.

நான் பயந்தது தேவையில்லாமல் போய்விட்டது. அவரே பேசினார். பஸ்ஸைப் பற்றி, மழையைப் பற்றி, மூட்டு வலிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைப் பற்றி, எல்லாவற்றிலும் குறை. வாவிக்கரை வீதியில் வாகனங்கள் நகராமல் நின்றன. திடீரென்று பேச்சை நிறுத்தி மூக்கைச் சுளித்தார்.

"தம்பி, என்ன மணம் இது?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. "புது சைலன்சர்ங்க. பெயின்ட் மணம்."

"எப்ப போட்டனீங்கள்?"

"ஒரு மாசமிருக்கும்."

"ஒரு மாசமாவோ பெயின்ட் காயுது? எந்த ஊர்ப் பெயின்ட்? எனக்குத் தலை இடிக்குது, கண்ணாடியை இறக்குங்கோ."

இறக்கினேன். மழை உள்ளே அடித்தது. மகள் நனைவாளே என்று மனைவி முணுமுணுத்தாள். சற்று நேரத்தில், யாரும் சொல்லாமலே, நான் மறுபடி ஏற்றிவிட்டேன். இரண்டு பெண்களுக்கும் நடுவில் யார் பக்கமும் பேசத் தெரியாமல் செய்த காரியம் அது.

தென்னக்கும்புர பாலத்தை நெருங்கும்போது பின்னாலிருந்து, "பிள்ளை, பிள்ளை" என்று அவர் கூப்பிடுவது கேட்டது. முதலில் மெதுவாக. பிறகு அதட்டலாக. "பிள்ளை, எழும்பு!"

"அவ கார்ல ஏறுனா தூங்கிடுவா" என்றாள் மனைவி.

"இது நித்திரை இல்லை. தம்பி, காரை நிப்பாட்டும்!"

ஓரத்தில் நிறுத்தினேன். அந்த அம்மா கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கி, மகளைத் தோளோடு பிடித்து வெளியே இழுத்தார். நானும் மனைவியும் ஓடிப்போய்ப் பிடித்தோம். மகளின் தலை என் தோளில் துணி மூட்டைபோலச் சாய்ந்தது. முகத்தில் மழை விழுந்தபிறகுதான் கண்ணைத் திறந்தாள். எங்களைப் பார்த்தாள், ஆனால் யாரென்று தெரிந்து பார்த்தது போல இல்லை. பிறகு வாந்தி எடுத்தாள்.

நான் மறுபடி காரை நோக்கிப் போனேன், ஆஸ்பத்திரிக்குத் திருப்பலாம் என்று. "அந்தப் புகைப் பெட்டிக்குள்ளயோ திரும்ப ஏத்தப் போறியள்?" என்று கத்தினார் அந்த அம்மா. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் வீதியின் நடுவில் போய் குடையை நீட்டி ஒரு த்ரீவீலை நிறுத்தினார். கார் அங்கேயே கிடந்தது. காற்றும் மழையும் இரண்டு பக்கமும் அடிக்க, நால்வரும் நெருக்கிக்கொண்டு கண்டிக்குத் திரும்பினோம்.

ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். நான், "மயக்கம்... மாசமா இருக்கா" என்றேன். அவ்வளவுதான் வந்தது. கர்ப்பிணிக்கு மயக்கம் வருவது சாதாரணம் என்பதுபோல நர்ஸ் ஒரு வாங்கைக் காட்டினார். நான் அதில் உட்கார்ந்துவிட்டிருப்பேன். அந்த அம்மா என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் போனார். "இது வெறும் மயக்கம் இல்லை. காருக்குள்ள புகை வந்தது. ஒரு மாசமா வருது. டொக்டரைக் கூப்பிடுங்கோ" என்று தமிழில் ஒருமுறை, சிங்களத்தில் ஒருமுறை, அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். உடனே உள்ளே எடுத்துப்போய் முகத்தில் ஒக்சிஜன் மாட்டினார்கள்.

மகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தாள். ஆனால் பிள்ளை? ஒரு இளம் டொக்டர் வந்து, சின்னக் கருவி ஒன்றை மகளின் வயிற்றில் வைத்து அங்குமிங்கும் நகர்த்தினார். ஒரே இரைச்சல், வேறொன்றுமில்லை. திரும்பவும் நகர்த்தினார். மனைவி என் சட்டையைப் பிடித்திருந்தாள். இத்தனை நாளும் அந்தப் பிள்ளை ஒரு சத்தமும் கேட்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தவன், இப்போது அதனிடமிருந்து ஒரு சத்தம் வராதா என்று நின்றேன்.

வந்தது. வேகவேகமாக, குதிரை ஓடுவதுபோல. டொக்டர் சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் காருக்குள் இருந்திருந்தால் என்று டொக்டர் ஏதோ சொல்லத் தொடங்கினார். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வெளியே வந்து அந்த அம்மாவைத் தேடினேன். வாசலில் இன்னொரு த்ரீவீலோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். நன்றி சொல்லத் தெரியவில்லை. பெயரையாவது கேட்டேன். "என்ர பேரைக் கேட்டு என்ன செய்யப் போறியள்? முதல்ல போய்க் காரைச் செய்யுங்கோ" என்றார். பிறகு குரலை இறக்கி, "வீட்டில எனக்கு வாய் கூட எண்டு பேச்சு விழுறது. இண்டைக்கு அந்த வாய் செய்ததைப் போய்ச் சொல்லத்தான் வேணும்" என்று சிரித்தார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, நான்கு கண்ணாடிகளையும் இறக்கிக்கொண்டு அந்தக் கராஜுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவ்வளவு நீளமாக வெளியாள் ஒருவரிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை. பாஸ் சிரிக்கவில்லை. காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். கார் ஓடும்போது, அடியில் நின்ற புகையெல்லாம் தேய்ந்துபோன டிக்கிக் கதவு ரப்பரின் இடைவெளியால் உள்ளே இழுபட்டிருக்கிறது. ஒரு சாண் நீளக் குழாயை ஒட்டி வாயைப் பம்பருக்கு வெளியே எடுத்தார், ரப்பரை மாற்றினார். என் பிளேன் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"என்ட பிழைதான்" என்றார். "ஆனா மணக்குதுன்னு ஒரு வார்த்த வந்து சொல்லியிருக்கலாமே அண்ணே. நான் என்ன, கடிக்கவா போறேன்?"

மீதி டீயைக் குடித்துவிட்டு, பின்பக்கம் போய் அந்தக் குழாயை இன்னொரு தடவை குனிந்து பார்த்தேன்.

பேரனுக்கு இப்போது ஓடித் திரியும் வயது. வீட்டில் ஒரு நிமிடம் அமைதியில்லை. வேலையால் களைத்து வந்து படுத்தால் காதுக்குள்ளேயே வந்து கத்துவான். பேசாமல் இரு என்று மனைவி அதட்டினால், விடு, கத்தட்டும் என்று சொல்லிவிடுவேன். நான் இப்போதும் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆனால் காரில் யார் ஏறினாலும், "உள்ள ஏதும் மணக்குதா? மணந்தா சொல்லுங்க" என்று கேட்ட பிறகுதான் வண்டியை எடுக்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அந்தக் கூச்சத்தைத் தாங்கிக்கொள்வது, அன்று அந்தக் கருவியில் சத்தம் வரும்வரை நின்ற நேரத்தைவிட எனக்கு எவ்வளவோ லேசாகத்தான் இருக்கிறது.