சிறுவாணித் தண்ணீருக்கு ஒரு மெஷின்

போன வருடம் சித்திரை மாதக் கடைசி. கோவை வடவள்ளியில், எங்கள் வீட்டு ஹாலிலேயே உட்கார்ந்துகொண்டு, இரண்டு கண்ணாடி டம்ளர்களைப் பார்த்து நான் ஏமாந்த கதை இது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் எங்கள் தெருவில் ‘யாரும் ஏமாற்ற முடியாத ஆள்’ என்று பெயர் வாங்கியவள் நான்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுக் காட்டச் சொல்லாமல் உள்ளே விடமாட்டேன். ஆடித் தள்ளுபடிக்குத் துணி எடுக்க வேண்டுமென்றால் ஆனி மாதமே ஒப்பணக்கார வீதிக்கு ஒரு நடை போய், வேண்டியதன் விலையையெல்லாம் ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு வந்துவிடுவேன். ஆடியில் விலையை ஏற்றி ஒட்டி, அதற்கு மேல் தள்ளுபடி என்று எழுதியிருந்தால் அந்தத் தாளை எடுத்து நீட்டுவேன். விற்பனைப் பெண்கள் சிரித்துவிடுவார்கள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால், அந்த இலவசத்தின் காலாவதித் தேதியைத்தான் முதலில் பார்ப்பேன். இதனால் தெருவில் யார் மிக்ஸி வாங்கினாலும் ஃபேன் வாங்கினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே.

அன்று காலை பத்தரை மணி வாக்கில் ஒருவர் கேட்டைத் தட்டினார். முப்பது வயதிருக்கும். தோளில் கறுப்புப் பை.

“ஏனுங்கம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா? வெயில் தாங்கலைங்க.”

ஒரு சொம்பு கொடுத்தேன். அண்ணாந்து மடமடவென்று குடித்து முடித்துவிட்டு, “நம்ம சிறுவாணித் தண்ணி ருசியே தனிதானுங்க” என்றார். அவ்வளவுதான், எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் ஒரு வாய் தண்ணீரைக் குடித்துவிட்டு முகம் சுளிப்பதில் எங்கள் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. அப்படிப்பட்ட எங்களிடம் தண்ணீரைப் புகழ்ந்தால் போதும், ஹால் வரைக்கும் வரலாம்.

வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டார். காபி வேண்டாம் என்றார். “ஆனா இப்பெல்லாம் தண்ணி பழைய மாதிரி வர்றதில்லீங்கம்மா. ஒரு சின்ன டெஸ்ட் பண்ணிக் காட்டறேன், நீங்க எதுவும் வாங்க வேண்டாமுங்க” என்று சொல்லி, பையிலிருந்து ஒரு கருவியை எடுத்தார். அடியில் இரும்புக் கம்பிகள், மேலே ஒரு பிளக். ஒரு டம்ளரில் எங்கள் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் அவர் பாட்டிலில் கொண்டுவந்த, அவர்கள் கம்பெனி மெஷினில் சுத்தம் செய்த தண்ணீர். கம்பிகளை இரண்டிலும் இறக்கி சுவிட்சைப் போட்டார். இரண்டு மூன்று நிமிடத்தில் எங்கள் தண்ணீர் பழுப்பாக மாறி, மேலே அழுக்கு நுரை கட்டி, அடியில் சேறு மாதிரி படிந்தது. அவருடைய தண்ணீர் அப்படியே பளிங்கு மாதிரி நின்றது.

இருபது வருடமாக என் பிள்ளைகளுக்கு இதையா ஊற்றிக் கொடுத்தேன் என்று நினைத்தபோது நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தில், ஆனி மாதத் துண்டுத்தாளும் இல்லை, நாலு கடை விசாரணையும் இல்லை. பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து மறுநாளே அந்த ஆர்.ஓ. மெஷினை அடுப்படிச் சுவரில் மாட்டிவிட்டேன்.

இதோடு நின்றிருந்தால் என் பணத்தோடு போயிருக்கும். மாட்டிவிட்டுப் போகும்போது அந்த ஆள், “இன்னொரு வீடு சேர்த்துவிட்டீங்கன்னா உங்களுக்கு ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு ஃப்ரீயா தர்றோமுங்க” என்றார்.

பக்கத்து வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். என்னைவிடப் பதினைந்து வயது சிறியவள். வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவாள். வீட்டிலிருந்தே நைட்டி தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். துணி ஓரம் அடிக்க ஓவர்லாக் மெஷின் இல்லாததால், தைத்ததையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டுபோய் வெளியே காசு கொடுத்து அடித்து வருவாள். சொந்தமாக ஒரு ஓவர்லாக் மெஷின் வாங்க ஒரு வருடமாகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து டம்ளர் டெஸ்ட் காட்டச் சொன்னதும் நான்தான்.

“எங்க வீட்டுக்காரரு ஞாயித்துக்கிழமை வருவாருங்க்கா. ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் சொல்லட்டுங்களா?” என்றாள்.

“தண்ணி விசயத்துல என்ன யோசனை அம்மணி? ஓவர்லாக் மெஷின் அடுத்த வருசம் வாங்கிக்கலாம். குழந்தைங்க உடம்பு திரும்பி வருமா?” என்றேன்.

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்குமுங்க்கா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வந்தாள். சேர்த்த பணம் மொத்தமும் அது. இரண்டு நாளில் எனக்கு இண்டக்‌ஷன் அடுப்பு வந்தது. அவளிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அட்டைப் பெட்டியைப் பிரிக்காமல், அவள் கண்ணில் படாதபடி பீரோவுக்குப் பின்னால் வைத்ததும் நான்தானே.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்காரர் வந்தார். அவருக்குத் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை. சாயக் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பிளாண்டைப் பார்த்துக்கொள்கிறவர். அதாவது, ஆர்.ஓ. என்றால் என்ன என்று எங்கள் தெருவிலேயே தெரிந்த ஒரே ஆள். அவர் வரும்வரை பொறுக்க விடாமல் நான் அவசரப்படுத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. சட்டைப் பையில், தண்ணீரில் உப்பை அளக்கும் பேனா மாதிரி ஒரு மீட்டரோடு வந்து, “அக்கா, உங்க குழாய்த் தண்ணி கொஞ்சம் பாக்கலாமுங்களா?” என்று கேட்டார். முக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டினார். அதில் வந்த எண் இரண்டு இலக்கத்தைத் தாண்டவில்லை.

“உப்பு ரொம்பக் கம்மிங்க்கா. இதுல எடுக்கறதுக்கு ஆர்.ஓ.வுக்கு வேலையே இல்லீங்க. போர்வெல் தண்ணியா இருந்தா சரி. சிறுவாணிக்குச் சம்ப்புத் தொட்டியைக் கழுவி வெச்சுக்கிட்டு, காய்ச்சிக் குடிச்சாப் போதுமுங்க.”

“அப்புறம் டம்ளர்ல அவ்வளவு அழுக்கு வந்துதே தம்பி?” என்றேன்.

“அது தண்ணி அழுக்கு இல்லீங்க்கா, அந்தக் கம்பியோட துரு. தண்ணில தாது உப்பு கொஞ்சமாவது இருந்தாத்தான் கரண்ட் பாயும், கம்பி கரையும். அவன் கொண்டுவந்த தண்ணில ஒண்ணுமே இல்லை, அதனால அப்படியே நிக்குது. சந்தேகமா இருந்தா அடுத்த தடவை அவன் தண்ணியிலயே ஒரு சிட்டிகை உப்பைப் போடச் சொல்லுங்க, பாருங்க.”

பிறகு மெஷினிலிருந்து சிங்க்குக்குள் ஓடிக்கொண்டிருந்த குழாயைக் காட்டினார். ஒரு குடம் தண்ணீர் சுத்தமாகி வருவதற்குள், இரண்டு குடத்துக்குக் குறையாமல் சாக்கடைக்குப் போகிறதாம். வாரம் ஒரு முறை வரும் சிறுவாணித் தண்ணீரை, ஒரு சொட்டு சிந்தினால் பிள்ளைகளைத் திட்டும் நான், காசு கொடுத்துச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஆள் வாசலில் வந்து நின்றதுமே ஒரு சொம்பு நிறைய இதே தண்ணீரைக் குடித்தாரே, அது எப்படி என் புத்திக்கு எட்டாமல் போனது என்று எண்ணி எண்ணி நொந்துகொண்டேன்.

மறுநாள் அந்த ஆளுக்குப் போன் செய்தேன். மாட்டிய மெஷினைத் திரும்ப எடுக்க முடியாது, பில்லின் பின்னால் போட்டிருக்கிறது பாருங்கள் என்றார். பார்த்தேன். எறும்பு எழுத்தில் இருந்தது. ஊருக்கெல்லாம் பில்லைப் படித்துப் பார்த்து வாங்குங்கள் என்று சொல்கிறவள், தன் பில்லைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் பணம் போனது வருத்தம்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி மறுபடி நைட்டி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடப்பதைப் பார்க்கும்போது சோறு இறங்கவில்லை. அவளுடைய பணமாவது திரும்பி வந்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன். அடுத்த வாரம் அதே ஆளுக்குப் போன் போட்டு, “தெருவுல அஞ்சாறு பேரு டெஸ்ட் பாக்கணும்ங்கறாங்க, வாங்க” என்றேன். பறந்து வந்தார்.

ஹாலில் தெருப் பெண்கள் ஆறு பேர், அவளும் உட்பட. டம்ளர்கள் வைத்தார், சுவிட்சைப் போட்டார், குழாய்த் தண்ணீர் பழுப்பானது. எல்லோரும் ஐயோ என்றார்கள். நான் அடுப்படிக்குப் போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து, “இப்ப உங்க தண்ணில இதைக் கொஞ்சம் போடுங்க தம்பி” என்றேன். அவர் கை நகரவில்லை. நானே போட்டேன். சற்று நேரத்தில் அவருடைய பளிங்குத் தண்ணீர் எங்களுடையதைவிடக் கேவலமாக மாறியது.

அவர் முகம் வெளுத்துவிட்டது. “எங்களுக்கும் இப்படித்தானுங்கம்மா சொல்லிக்குடுத்தாங்க” என்றார் மெதுவாக. பொய் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் உப்பைக் கண்டதும் கை ஏன் நின்றது என்று நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் கஷ்டமான காரியம். பீரோவுக்குப் பின்னாலிருந்து அந்த அடுப்புப் பெட்டியை எடுத்துவந்து எல்லோர் முன்னாலும் வைத்தேன். “இது பக்கத்து வீட்டுல மெஷின் வாங்க வெச்சதுக்கு எனக்குக் கிடைச்ச கூலிங்க. இதை எடுத்துட்டுப் போங்க. அவ மெஷினையும் எடுத்துக்கிட்டுப் பணத்தைத் திருப்பிக் குடுங்க. இல்லைன்னா இந்த உப்பு ஜாடியோட வடவள்ளி முழுக்க வருவேன்” என்றேன்.

அவள் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எழுந்து போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்று பணம் வரவில்லை. யானை வாயில் போன கரும்பு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் விடவில்லை. பில் நகலோடும், டம்ளர்களை எடுத்த போட்டோவோடும் நுகர்வோர் புகார் கொடுத்தேன். கம்பெனி அலுவலகத்துக்கு நாலு முறை நடந்தேன். ஒன்றரை மாதத்தில், மெஷினை மாட்டிய கூலியைக் கழித்துக்கொண்டு அவள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். என்னுடைய மெஷினை எடுக்கவில்லை. நானும் அதற்குமேல் அலையவில்லை. கழித்த தொகையை நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டாள். “இருக்கட்டுமுங்க” என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

அந்த நாட்களில் எங்கள் கேட்டைக் கடக்கும்போதெல்லாம் அவள் தலையைத் திருப்பாமலேயே போவாள். நானும் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு என்ன முகம் இருக்கிறது?

புரட்டாசியில் ஒரு நாள் அவளே வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, ஓவர்லாக் மெஷின் பாக்கப் போறேன். நீங்களும் வர்றீங்களா?”

“எனக்கு அந்த மெஷினைப் பத்தி ஒண்ணும் தெரியாது கண்ணு” என்றேன்.

“இப்பத் தெரியாதுன்னு சொல்றீங்கல்ல, அதுக்குத்தானுங்க்கா கூப்புடறேன்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் சுருக்கென்று தைத்தது.

போனோம். வீட்டிலிருந்து கொண்டுபோன நைட்டித் துணியை மூன்று மெஷின்களில் அவளே ஓட்டிப் பார்த்தாள். வீட்டுக்காரருக்குப் போன் செய்து பேசினாள். கடைக்காரர் இலவசமாகக் கத்தரிக்கோல் செட் தருவதாகச் சொன்னதற்கு, அது வேண்டாம், ஒரு வருட சர்வீஸை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். என்னைக் கேட்காமலேயே என்னைவிட நன்றாக வாங்கினாள்.

இன்றைக்கும் தெருவில் யாராவது வந்து இதை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். நான் ஏமாந்து என் பணம் போனால் நாலு நாள் புலம்பிவிட்டு மறந்துவிடுவேன். என் பேச்சை நம்பி ஒருத்தி உள்ளே போய் எடுத்து வந்த பணத்தை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை, அதனால் தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்ல இந்த வயதில் கற்றுக்கொண்டிருக்கிறேன்.