வஹீ என்று நான் சொல்லும்வரை

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு மறக்கவும் தெரியாது, மன்னிக்கவும் தெரியாது. "விடுங்கக்கா, வயசான மனுஷன்" என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். வயதாகிவிட்டால் செய்தது செய்யாததாகிவிடுமா? அப்படியென்றால் எனக்கும்தான் வயதாகிறது, நானும் நாலு பேர் குடியைக் கெடுத்துவிட்டு நரையைக் காட்டி நிற்கிறேன்.

தீவுகளுக்கு போட் கிளம்பும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், டிக்கெட் கவுண்டரில் பாதி ஆயுளைக் கழித்தவள் நான். கடல் மோசமாகி போட் கேன்சல் என்றால் ஜனங்கள் கடலைத் திட்டுவதில்லை, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற என்னைத்தான் திட்டுவார்கள். தமிழிலும் ஹிந்தியிலும் வங்காளத்திலும் தெலுங்கிலும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். வாங்கியதை அந்தந்த மொழியிலேயே திருப்பிக் கொடுத்துமிருக்கிறேன்.

எங்கள் தத்துவக் குழு பிறந்ததே அந்தக் கவுண்டர் முன்னால்தான். ஒரு மழை நாள், லாங் ஐலண்ட் போட் கேன்சல். வரிசையில் இரண்டு பேர் சண்டை பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய், ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பம். மற்றவர் பெரார்கஞ்சில் நெல்லும் பாக்கும் போட்டிருக்கிற வங்காளி, ஊருக்கே தாதா, அவர்கள் பாஷையில் அண்ணன். லாங் ஐலண்டில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன் என்று பாய் வாக்குக் கொடுத்திருந்தார். போட் இல்லாமல் போக முடியவில்லை என்றால் அது வாக்கு தவறியதாகுமா? ஆகாது என்றார் பாய். இந்தக் கடலைத் தெரிந்தவன் 'வருகிறேன்' என்று சொன்னதே பொய்தான் என்றார் தாதா. பின்னால் நின்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

நான் கண்ணாடியைத் தட்டினேன். "அடிச்சுக்கணும்னா ஞாயித்துக்கிழமை எங்கயாச்சும் உக்காந்து அடிச்சுக்குங்க. இப்ப கவுண்டரை விடுங்க."

"எங்கக்கா உக்கார்றது?" என்று பாய் நிஜமாகவே கேட்டார்.

"ஏன், உங்க கடைக்கு அன்னிக்கு லீவுதானே?"

ஞாயிற்றுக்கிழமை கடையின் பின்னறையில், துணி மூட்டைகள் மேல் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். நானும் போனேன். எனக்கும் அந்த விஷயத்தில் ஒரு கருத்து இருந்தது, கவுண்டரில் சொல்ல முடியவில்லை. அப்புறம் வாராவாரம் நடந்தது. ஆட்களைச் சேர்த்தது, தலைப்பு வைத்தது, சண்டை பிடித்தவர்களை மறுபடி கூட்டி வந்தது எல்லாம் நான்.

எங்களுக்கு ஒரே ஒரு விதி. அதுவும் தேவையில் முளைத்ததுதான். தாதா வங்காளம் கலந்த ஹிந்தியில் பேசுவார், பாய் தமிழில் யோசித்து ஹிந்தியில் பதில் சொல்வார். தாதா சொல்லாத ஒன்றுக்கு பாய் ஒரு மணி நேரம் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "இனிமே யாரையாச்சும் மறுத்துப் பேசணும்னா, முதல்ல அவங்க என்ன சொன்னாங்கன்னு நீங்க சொல்லணும். அவங்க ஆமான்னு சொன்ன பிறகுதான் உங்க பதில்" என்றேன். சரியாகத் திரும்பச் சொன்னால் தாதா ஹிந்தியில் "வஹீ" என்பார், அதேதான் என்று அர்த்தம். அதுவே எங்கள் எல்லாருக்கும் வழக்கமாகிவிட்டது. எதிராளி வாயிலிருந்து "வஹீ" வராமல் ஒருவரும் வாய் திறக்க முடியாது. பாதிச் சண்டை அந்த இடத்திலேயே செத்துவிடும். மீதிப் பாதிதான் பேச லாயக்கானது.

இந்த இடத்துக்குத்தான் நான் அந்த சாரைக் கூட்டி வந்தேன். வேலியில் போன ஓணானை நானே எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன், வேறு யாரைச் சொல்ல? மெயின்லேண்டில் ஏதோ கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு, இங்கே அதிகாரியாக இருக்கும் மகனோடு வந்துவிட்டார். கவுண்டருக்கு டிக்கெட் வாங்க வந்தவர், தமிழில் நாலு வார்த்தை பேச ஆள் இல்லையே என்று புலம்பினார். ஐயோ பாவம் என்று, "ஞாயித்துக்கிழமை எங்க கூட்டத்துக்கு வாங்க சார்" என்றேன்.

வந்தார். முதல் மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம், "இந்த வஹீ எல்லாம் டைம் வேஸ்ட் மேடம், ஃபிலாசஃபி இப்படி பண்றதில்ல" என்றார். அடுத்து, துணி மூட்டைமேல் உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது என்று மகனிடம் சொல்லி ஏசி போட்ட ஒரு ஹால் ஏற்பாடு செய்தார். எல்லாருக்கும் குஷி. எனக்கும் குஷிதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஹாலுக்குப் போனதும் மைக் வந்தது. மைக் வந்ததும் அது அவர் கையைவிட்டு இறங்கவே இல்லை. வாரம் ஒரு லெக்சர். கடைசியில் கேள்வி கேட்கலாம், ஆனால் சுருக்கமாக. சாருக்கு ஹிந்தி சரியாக வராது, எல்லாம் தமிழில்தான், அதனால் தாதா பின்வரிசையில் தூங்கினார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டினதாம் என்பார்கள். எங்கள் ஊர்ப் பிடாரி விரட்டப்படுவது தெரியாமல் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் அந்த ஆண்டு விழா. சார் மெயின்லேண்டிலிருந்து ஒரு பெரிய மனிதரைச் சிறப்பு விருந்தினராக வரவழைத்திருந்தார். இடைவேளையில் அவர் சாரைப் பார்த்து, "இவ்ளோ தூரத்துல இப்படி ஒரு குழு! இதை யார் ஆரம்பிச்சது?" என்று கேட்டார்.

நான் சாருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். தோள் இடிக்கிற தூரம். சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் வந்தப்போ இங்க ஒண்ணுமே இல்ல சார்." அதோடு விட்டாரா? என்னைக் கை காட்டி, "டீ, டிஃபன் ஏற்பாடெல்லாம் மேடம் பாத்துக்கறாங்க" என்றார்.

என் கையில் அப்போது சமோசாத் தட்டு இருந்தது. அதை அவர் தலையில் கவிழ்க்காததற்கு ஒரே காரணம், சமோசா பாய் வீட்டம்மா பாடுபட்டுச் செய்தது. ஒண்ணுமே இல்லையாம்! இத்தனை வருஷ ஞாயிற்றுக்கிழமைகளும் ஒண்ணுமே இல்லையாம்! அங்கேயே நின்று கறுவிக்கொண்டேன்: இந்த மனுஷன் வாயாலேயே, எல்லார் முன்னாலும், தான் செய்தது இன்னதென்று சொல்ல வைக்கிறேன். மன்னிப்பு எனக்கு வேண்டாம், அதைக் கடையில் கூட வாங்கலாம். நடந்ததை நடந்தபடி அவர் சொல்ல வேண்டும். அதற்கு எத்தனை நாள் ஆனாலும் சரி.

சண்டைக்குப் போகவில்லை. பாயிடம் போய்ப் பின்னறைச் சாவியைக் கேட்டேன், அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஹாலில் லெக்சர் நடக்கிற அதே நேரத்துக்கு மூட்டைகளைத் தட்டிப் போட்டு உட்கார்ந்தேன். பழைய ஆட்களுக்குச் சொல்லியனுப்பினேன். தலைப்பு: தூங்குகிற திருடன் திருடனா? தாதா பெரார்கஞ்சிலிருந்து பஸ் பிடித்து வந்து, "அரே தீதி, மறுபடி பேசலாமா?" என்று அவர் பாஷையில் அக்கா போட்டுக் கேட்டபோது அவர் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். ஒரு மாதத்தில் எல்லாரும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

ஹால் காலியானதை நான் நேரில் போய்ப் பார்த்தேன். எதிர்க்கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு, கண்ணாடிக் கதவு வழியாக நிதானமாகப் பார்த்தேன். வரிசை வரிசையாக நாற்காலி, மேடையில் மைக், மைக் முன்னால் அவர். இன்னொரு டீ வாங்கிக் குடித்தேன். அன்றைக்குக் குடித்த டீயைப் போல ஒரு டீ நான் இதுவரை குடித்ததில்லை.

சில மாதம் கழித்து அவரே பின்னறைக்கு வந்தார். வராமல் எங்கே போவார்? மகன் எப்போதும் டூரில், வீட்டில் டிவி. இந்த ஊரில் உட்கார்ந்து வாதம் பண்ண வேறு இடம் கிடையாது. சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்தார். அன்றைய தலைப்பில் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றேன். "முதல்ல நான் ஒண்ணு சொல்றேன். இது என் கூற்று. இந்தக் குழுவை எங்ககிட்டருந்து நீங்க எடுத்துக்கிட்டீங்க, எடுத்தது தெரியாம இருக்க இங்க ஒண்ணுமே இல்லன்னு சொன்னீங்க. இதுக்கு உங்ககிட்ட பதில் இருக்கும். தாராளமாச் சொல்லுங்க. ஆனா எங்க ரூல் தெரியுமில்ல? நான் என்ன சொன்னேன்னு முதல்ல நீங்க சொல்லணும். நான் வஹீ சொல்லணும். அதுவரைக்கும் வேற எந்தத் தலைப்புலயும் நீங்க பேச முடியாது."

பாய் ஒரு மூட்டையின் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்.

சார் தொண்டையைச் செருமினார். "மேடத்துக்கு என் மேல ஏதோ மனவருத்தம்…"

"இல்ல" என்றேன். என் வருத்தத்தைப் பற்றியா நான் பேசினேன்? அவர் செய்ததைப் பற்றியல்லவா பேசினேன்!

அடுத்த வாரமும் வந்தார். "கம்யூனிகேஷன் கேப் ஆயிடுச்சு" என்றார். இல்ல. அதற்கடுத்து, "வாய் தவறி ஒரு வார்த்தை வந்துடுச்சு." இல்ல. இன்னொரு வாரம் ஏறக்குறைய எல்லாவற்றையும் சொன்னார், ஆனால் விருந்தாளி கேட்டபோது நான் பக்கத்தில் நின்றதை மட்டும் முழுங்கிவிட்டார். "இல்ல சார்" என்றேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை. ஒருமுறை ஓரளவு நன்றாகவே சொன்னார். "தாதாவுக்குப் புரியல, ஹிந்தில சொல்லுங்க" என்றேன். முகம் கருத்துப்போயிற்று. ஒவ்வொரு "இல்ல"வும் எனக்குப் பாயசம்.

வெளியே வரும்போது பாய் மெதுவாகச் சொன்னார். "அக்கா, போதும்க்கா. மனுஷன் பாவம்."

"எது பாவம்? அவர் ஒண்ணுமே இல்லன்னு சொன்னாரே, அதுல உங்க கடையும் இருக்கு பாய். நீங்களும் இல்ல, தாதாவும் இல்ல."

பாய் பூட்டைத் தேடி எடுத்தார். பிறகு, "அப்படிப் பாத்தா சரிதான்" என்று ஷட்டரை இழுத்துவிட்டார்.

மழைக்காலம் முடிகிற சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் உட்காரவில்லை, நின்றுகொண்டே ஆரம்பித்தார்.

"நான் வந்தப்போ இங்க ஒரு குழு இருந்துச்சு. அதை நடத்தினது இவங்க. என்னைக் கூப்பிட்டதும் இவங்கதான். அடுத்தவங்க பேசறதைக் கேக்க எனக்குப் பொறுமை இல்ல, அதனால ரூல் வேண்டாம்னேன். விருந்தாளி கேட்டப்போ இவங்க என் பக்கத்துல நின்னாங்க. நான் திரும்பிப் பாத்தேன். பாத்துட்டு, தெரிஞ்சேதான் ஒண்ணுமே இல்லன்னு சொன்னேன். அவர் என்னைப் பெரிய ஆளா நினைக்கணும்னு இருந்துச்சு. டீக்கு இவங்கன்னு சொன்னதும் அதுக்குத்தான்." பிறகு தாதா பக்கம் திரும்பி, தட்டுத்தடுமாறி, அதையே ஹிந்தியில் சொன்னார். பெண்பாலும் ஆண்பாலும் உதைத்துக்கொண்டு விழுந்த ஹிந்தி. ஆனால் 'தெரிந்தே' என்பதை விடவில்லை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு குறை கிடைக்குமா என்று தேடினேன், சத்தியமாகத் தேடினேன். கிடைக்கவில்லை.

"வஹீ" என்றேன்.

இனி அவர் முறை. இத்தனை மாதம் காத்திருந்தது இந்தப் பதிலுக்காகத்தானே? வாயைத் திறந்தார். என் வழக்கை நேராக எடுத்துச் சொன்ன பிறகு அவரிடம் சொல்ல எதுவும் மிச்சமில்லை. "பதில் இல்ல மேடம்" என்றார். "மன்னிச்சிடுங்க."

பாய் கண்ணைத் துடைத்தார். தாதா எழுந்து சாரின் தோளில் கை போட்டார். எல்லாரும் ஒரு நல்ல முடிவுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளே அப்படி ஒரு நிறைவு. ஆனால் இளக்கம்? அது வரவில்லை. வராததை வந்ததாகக் காட்ட எனக்குத் தெரியாது.

"இதை நான் தனியா முடிவு பண்ணக்கூடாது" என்றேன். "பெரிய கேள்வி. தெரிஞ்சே செஞ்சவனை மன்னிக்கலாமா? குழு பேசட்டும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேசினோம். சாரும் வந்து உட்கார்ந்தார். தாதா மன்னிக்கலாம் என்றார், ஆனால் எதை மன்னிப்பது என்று சொல்லித்தானே ஆரம்பிக்க வேண்டும்? சொன்னார். அவரை மறுக்க வந்தவர் விதிப்படி அதைத் திரும்பச் சொன்னார். அவரை மறுத்தவர் இன்னொரு தரம். பேச்சு சுற்றச் சுற்ற, சார் செய்தது ஹிந்தியிலும் தமிழிலும் அந்த அறையைச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வெளிச்சம் இறங்குகிற நேரத்தில் சாரைப் பார்த்தேன். "நீங்க ஒண்ணுமே சொல்லலியே சார். இப்ப உங்களுக்குப் பேச உரிமை இருக்கு."

நிமிர்ந்தார். "மன்னிக்கலாம்னு நினைக்கறேன் மேடம்."

"கூடாதுங்கறது என் கட்சி" என்றேன். "ஏன் கூடாதுன்னு நான் நினைக்கறேன்? முதல்ல அதைச் சொல்லுங்க சார், கேப்போம்."