அன்றைக்கு நான் எழுதவில்லை

நாள் தவறாமல் எழுதுகிறவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. கூட்டங்களுக்குக் கூப்பிடும்போது கல்லூரிப் பிள்ளைகள் கேட்பார்கள், ஒரு நாள்கூட விட்டதில்லையா என்று. ஒரே ஒரு நாள் விட்டுவிட்டேன் என்பேன். உடம்புக்கு முடியாமல் போயிருக்கும் என்று அவர்களாகவே நினைத்துக்கொள்வார்கள். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். ஆசிரியைப் பயிற்சி முடித்த கையோடு சிவகாசிக்கு மேற்கே ஒரு கரிசல் ஊரில், தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். எம். புதுப்பட்டிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி வழியில் இறங்க வேண்டும், அவ்வளவு போதும். என் வீடு விருதுநகரில்; வார நாட்களில் பள்ளி இருந்த ஊரிலேயே ஓர் அறையில் தங்கிக்கொண்டேன். அப்பா மிளகாய் வற்றல் கிட்டங்கியில் மூட்டை நிறுத்து நிறுத்து, அந்த நெடியிலேயே நெஞ்சு கெட்டுப்போய் வீட்டோடு கிடந்தார். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். எல்லாரும் சாப்பிட்டது என் சம்பளத்தில். இதை நான் ஒரு சாக்காகச் சொல்லவில்லை. இல்லை, சாக்காகத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வார்கள்?

கதை எழுத வேண்டும் என்று எனக்கு ஒரு பித்து. பத்திரிகைகளுக்கு அனுப்பியவையெல்லாம் நான் தபால்தலை ஒட்டி வைத்த உறையிலேயே பத்திரமாகத் திரும்பி வந்தன. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து, சாப்பிட்டுவிட்டு, பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தால் ஒன்றும் வராது. "சட்டியில இருந்தாத்தானக்கா அகப்பையில வரும்" என்பாள் பெரிய தங்கை. ரோஷம் வந்துவிட்டது. இனி ஞாயிற்றுக்கிழமைக் கூத்து வேண்டாம், தினமும் ஒரு பக்கம், ஒரே நேரத்தில், என்று முடிவு செய்தேன். காலையில் வருகைப் பதிவு எடுத்து, பிள்ளைகளுக்குக் கணக்கைப் போர்டில் எழுதிப் போட்டதும், இடைவேளை மணிக்குள் என் பக்கத்தை முடித்துவிட வேண்டும்.

முதல் வரி சண்டி மாடு. அதைக் கிளப்பிவிட்டால் மற்றவை பின்னால் வந்துவிடும். அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். தேதி போட்டு, கண்ணுக்கு முன்னால் இருப்பதை அப்படியே எழுதிவிடுவது. எனக்கு முன்னால் இருந்தவை பிள்ளைகள் உட்காரும் பலகைகள், பாதி காலியாக. ஆகவே என் நோட்டின் முதல் வரி எப்போதும் அன்று யார் யார் வரவில்லை என்பதுதான். அவர்கள் எங்கே போயிருக்கிறார்கள் என்பது அடுத்த வரி. அதற்குள் கை ஓடத் தொடங்கிவிடும்.

எங்கே போவார்கள்? பயராபீசுக்குத்தான். பட்டாசுக் கம்பெனியை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். தீபாவளிச் சீசனில் என் ஐந்தாம் வகுப்பில் பாதிக்கு மேல் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை. நாற்பது பிள்ளைகளின் இரைச்சலில் ஒரு வரி ஓடாது. பதினைந்து பேர் இருந்தால் ஒரு பக்கம் சரசரவென்று ஓடும். சீசனில் நான் நன்றாக எழுதினேன்.

ஆனால் ரிஜிஸ்டரில் நாற்பது பேரும் வந்திருந்தார்கள். காலையில் வந்தால் ஒரு சாய்கோடு, மதியம் வந்தால் அதற்குக் குறுக்கே இன்னொரு கோடு. எண்ணிக்கை குறைந்தால் ஒரு வாத்தியார் வேலை போய்விடும். தலைமை ஆசிரியரைப் பெரிய சார் என்போம். நான் தயங்கிய முதல் நாளே அவர் சொல்லிவிட்டார்: "கோடுதானம்மா, போட்டுட்டுப் போங்க. வேலை போச்சுன்னா கடைசியா வந்த ஆளுக்குத்தான் போகும். எனக்கா போகப்போகுது?" ஊரோடு ஒத்துப் போனேன். பத்து நிமிஷ இடைவெளியில் ரிஜிஸ்டரில் பொய்யையும் நோட்டில் நிஜத்தையும் எழுதினேன். இரண்டும் நாள் தவறாமல் நடந்தன.

மூன்றாவது பலகையில் ஒரு பெண் பிள்ளை. பத்து வயது. வாரத்தில் இரண்டு நாள் வருவாள், மற்ற நாளெல்லாம் வெடிக்குத் திரி செருகப் போய்விடுவாள். விரல் நகமெல்லாம் பவுடர் ஏறி ஈயப் பாத்திரம் மாதிரி மினுங்கும். வருகிற நாளில் கணக்கைப் போடாமல் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள்.

"தெனமும் என்ன டீச்சர் எழுதுறீக?"

"கதை."

"அதுல நான் இருக்கேனா?"

"நீ வராத அன்னைக்கு மட்டும் இருக்கே."

ஒரு நிமிஷம் யோசித்தாள். "அப்பம் நான் வராமலே இருந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாயாடி. எனக்கு அவளைப் பிடிக்கும்.

ஐப்பசி பிறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. கோடுகளைப் போட்டு முடித்தேன். நோட்டைத் திறந்து தேதி எழுதினேன். வராதவர்களில் முதல் பெயர் அவளுடையது. 'திரி செருகப் போயிருப்பாள்' என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போனபோது அந்தச் சத்தம் கேட்டது. பேனா தாளின் ஓரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கூரை ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. பிள்ளைகள் அலறவில்லை. ஒரு பையன் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "மருந்து ரூம் டீச்சர்" என்றான். பயராபீசில் வெடிமருந்து கலக்கிற அறை அது.

நாலு பேர் போய்விட்டார்கள். அவளும். அவளைக் கொண்டுவந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னதை எழுத மாட்டேன்.

மதியம் பெரிய சார் என் வகுப்புக்கு வந்து ரிஜிஸ்டரைப் புரட்டினார். "மதியக் கோட்டை மட்டும் போட்டுராதீக" என்றார். காலைக் கோடு ஏற்கெனவே மையில் இருந்தது. அதை அழிக்க முடியாது.

மூன்றாம் நாள் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். கம்பெனிக்காரர்கள், எங்களிடம் சின்னப் பிள்ளைகள் வேலையே பார்ப்பதில்லை, இது பள்ளிக்கூடத்துப் பிள்ளை, வெடி திருட வேலி தாண்டி வந்திருக்கிறது, என்று சொன்னார்கள். கூட வேலை பார்த்தவர்கள் வாய் திறக்கவில்லை. அவர்கள் பிள்ளைகளும் அங்கேதான் பிழைத்தாக வேண்டும். அவள் அம்மா அழுதுகொண்டே சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. ரிஜிஸ்டரைக் கேட்டார்கள். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதிகாரி அந்தக் கோட்டில் விரலை வைத்தார். "காலையில வந்திருக்கா, மதியம் இல்லை. இடையில ஓடிப் போயிருக்கா. அப்படித்தானேம்மா?"

பெரிய சார் என்னையே பார்த்தார். "ஆமா சார்" என்றேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் வகுப்பில் இரண்டும் ஒரே மேஜையில் இருந்தன.

அவளுக்கு ஒரு தம்பி, அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு. தீபாவளி முடிந்து பிள்ளைகள் திரும்பி வந்ததும் அவனுக்குக் 'களவாணி தம்பி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு நாள் என் காதில் விழுந்தது. சொன்ன பையனை இழுத்து நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, ஸ்கேலால் போட்டேன். அவன் கையை உதறிக்கொண்டே, "ரிஜிஸ்டர்லயே இருக்காம்ல டீச்சர். எங்கய்யா சொன்னாரு" என்றான். ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த வாரமே, பள்ளிக்கூடம் விட்ட பிறகு, அவள் அம்மா நான் குடியிருந்த அறைக்கு வந்தாள். வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுகிறவள். விரல்களில் பசை காய்ந்திருந்தது. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. வாசற்படியிலேயே நின்றாள்.

"காசு பணம் கேட்டு வரல டீச்சரம்மா. போன உசுரு போயிருச்சு. எம்மக களவாங்கப் போகல. வேலைக்குத்தான் போனா. நான்தான் அனுப்புனேன். அதை யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சின்னவன் பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு அழுகுறான்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க தெனமும் ஒரு நோட்டுல எழுதுவீகளாம்ல. வராத பிள்ளைக பேரு அம்புட்டும் அதுல இருக்கும்னு சொல்லுவா. 'இன்னைக்கு நான் வரலைன்னு டீச்சர் எழுதியிருப்பாக'ன்னு வேலைக்குப் போகும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பா. அன்னைக்கும் சொல்லிட்டுத்தான் போனா. அந்த நோட்டை அந்த ஆபீசருகிட்டக் காட்டுனா ஒத்துக்கிருவாகல்ல?"

நோட்டு எனக்குப் பின்னால், டிரங்குப் பெட்டிமேல் கிடந்தது. கையை நீட்டினால் எடுத்துவிடலாம். எடுத்தால் ரிஜிஸ்டர் பொய்யாகும், அதை எழுதிய நானும் வெளியே. அப்பாவின் இருமல் அந்த அறைக்குள்ளேயே கேட்கிற மாதிரி இருந்தது.

"அன்னைக்கு நான் எழுதலம்மா" என்றேன்.

"தெனமும் எழுதுவீகன்னு சொன்னாளே."

"அன்னைக்கு மட்டும் எழுதல."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்குப் புரிந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி டீச்சரம்மா. எழுதாத நாளும் இருக்கத்தான செய்யும்" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் சொன்னாள். படியிறங்கிப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு நோட்டைத் திறந்தேன். தேதி, அவள் பெயர், திரி செருகப் போயிருப்பாள், அதற்குக் கீழே ஓரம் வரை இழுத்த கோடு. கிழித்துவிடலாம் என்று தாளைப் பிடித்தேன். கிழிக்கவும் துப்பில்லை. கொண்டுபோய்க் காட்டவும் துப்பில்லை.

மறுநாள் காலையில் ரிஜிஸ்டரில் கோடுகளைப் போட்டேன். நோட்டைத் திறந்து தேதி எழுதினேன். அன்றும் ஒரு பக்கம் வந்தது.