காருக்குள் மாட்டிக்கொண்ட அக்கா

உலகச் சண்டை முடிந்து, துறைமுகத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறியபோது, உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கிடந்த தன் காரை எங்கள் அத்தானிடம் விட்டுவிட்டுப் போனார். இரண்டே பேர் உட்காரும் பந்தயக் கார். கூரை கிடையாது. கதவுகள் மரச்சட்டத்தின் மேல் தகரம் அடித்தவை. அத்தான் அப்பாவின் அக்கா மகன். எங்கள் வீட்டிலேயே வளர்ந்து, அப்பாவின் தோணிகளுக்குப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

எஞ்சினை எப்படியோ உறும வைத்துவிட்டார். கதவுதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. சட்டம் காய்ந்து சுருங்கி, சாத்தினாலும் விரல் நுழையும் இடைவெளி தெரிந்தது. தோணிப் பலகை சுருங்கினால் ஊறப்போடுவது எங்கள் ஊர் வழக்கம். ஊறினால் பலகை உப்பி இடைவெளி அடைந்துகொள்ளும். அத்தான் காருக்கும் அதையே செய்தார். கதவில் சாக்கைச் சுற்றி நாள்கணக்கில் தண்ணீர் ஊற்றினார். ஊற்றியதில் பாதி நான். கதவு உப்பி, சாத்தியபடியே சிக்கிக்கொண்டது. தோணிக்குக் கதவு கிடையாது என்பது அவருக்கு அப்புறம்தான் உறைத்தது. அப்பா ஊரைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார்.

பிறகு விளிம்பைச் சீவுவதும், கீலுக்கு அடியில் தகரத் துண்டு வைப்பதும், சாத்திப் பார்ப்பதுமாகப் பொழுது போனது. ஆள் உட்கார்ந்தால் கார் சற்றுத் தணிந்து கதவு இடிக்குமாம். அதனால் உள்ளே ஒருவரை உட்காரவைத்துத்தான் பொருத்த வேண்டும் என்றார். நான் ஓடிப்போய் ஏறினேன். என் எடை போதாதாம். அக்காவின் எடைதான் சரியாக இருந்தது. சாயங்காலந்தோறும் அக்கா போய் உட்காருவாள். சின்னவளான என்னை அம்மா துணைக்கு அனுப்புவாள். அவர்கள் கதவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு கதவைப் பற்றிப் பேச இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கு ஆச்சரியம்.

அப்போதுதான் ஆறுமுகநேரி உப்பளக்காரர் வீட்டிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாக அப்பா சொன்னார். முறை மாப்பிள்ளை வீட்டிலேயே இருக்கிறானே என்று அம்மா மெல்லச் சொல்லிப் பார்த்தாள். காரை ஊறப்போட்டவனுக்கா என்று கேட்டு அப்பா அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

அவர்கள் வருகிற அன்று, பட்டுச்சேலை கட்டி முடித்த அக்கா, கதவு சரியாகப் பொருந்துகிறதா என்று கடைசியாக ஒருதரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவதாகக் கார் நின்ற கொட்டகைக்குப் போனாள். கதவு அழகாகச் சாத்திக்கொண்டது. திறக்கத்தான் இல்லை.

வந்தவர்களைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு அப்பா ஓடிவந்து கதவின் பிடியை இழுத்தார்.

“பலமா இழுக்காதிய மாமா. ஊறின சட்டம், பிளந்து அவ மேல தெறிச்சிரும்” என்றார் அத்தான்.

அப்பா கையை எடுத்துவிட்டார். அத்தான் உளியால் விளிம்பை மெல்ல மெல்லச் சீவத் தொடங்கினார். அவர் அவ்வளவு நிதானமாக வேலை செய்து நான் பார்த்ததேயில்லை.

“கூரைதான் இல்லயே. அக்கா ஏறிக் குதிச்சிரலாம்லா” என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். பெண் பார்க்க வந்தவர்கள் அதற்குள் கொட்டகை வாசலுக்கே வந்துவிட்டார்கள். அவர்கள் எதிரே கல்யாணப் பெண் காரைத் தாண்டிக் குதிப்பதாவது!

ராகுகாலம் பிறந்தது. சகுனம் சரியில்லை என்று சொல்லி அவர்கள் கிளம்பினார்கள். எனக்கோ வேறு கவலை. இனி அக்கா காருக்குள்ளேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, மழை வந்தால் என்ன செய்வாள்? வாய்விட்டு அழுதேன்.

அவர்கள் வந்த வில்வண்டி தெருமுனை திரும்பியதும் அத்தான் பிடியைத் தொட்டார். கதவு திறந்துகொண்டது. ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டேன். அப்பாடா என்றிருந்தது. அப்பா அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அக்காவைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஏலே, கதவு ஒன் சொல்லத்தான் கேக்கு. இவளையும் நீயே வச்சுக் காப்பாத்து” என்றார்.

வீடே மூச்சு விட்டது. அம்மா ஆறிப்போன பலகாரத்தையெல்லாம் எங்களுக்கே எடுத்து வைத்தாள்.

சாப்பிடும்போதுதான் பார்த்தேன், கதவை இழுத்துச் சாத்த உள்பக்கம் இருந்த தோல்வார் அக்காவின் உள்ளங்கையில் சிவப்பாகத் தடம் பதித்திருந்தது. வெளியே வர எவ்வளவு பாடுபட்டிருக்கிறாள் என்று மனம் உருகித் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை நீட்டிக்கொண்டிருந்தாள். வெளிப்புறம் திறக்கிற கதவு அது. வெளியே வர நினைப்பவள் அதைத் தள்ளுவாள், இழுத்துப் பிடிக்க மாட்டாள் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.