படிவத்தின் கடைசிக் கோடு

காலை ஏழே முக்காலுக்கு அந்த ரோசாப்பூ நிறத் தண்ணீர்ப் போத்தல் எங்கள் வாசல் படலையைத் தாண்டிப் போகும். கழுத்தில் மாட்டிய பட்டி நீளம் கூடியதால் அது அந்தப் பிள்ளையின் முழங்காலில் தட்டித் தட்டி ஆடும். பக்கத்தில் அதன் தாய், எங்கள் முன்வீட்டு அக்கா, ஒரு கையில் பிள்ளையையும் மற்றக் கையில் குடையையும் பிடித்துக்கொண்டு ஒழுங்கை முழுக்கக் கேட்கிற குரலில் கதைத்தபடி போவார். நான் அடுப்பை விட்டுவிட்டுக் குசினி யன்னலுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். முன்பள்ளிக்குப் போகிற மூன்று வயதுப் பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலைப் பார்த்து வயிறு எரிந்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஐந்தாறு வருசத்துக்கு முந்திய கதை. சொல்ல இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

கனகராயன்குளத்தில் பெரிய வீதியிலிருந்து உள்ளுக்கு இறங்கினால் எங்கள் ஒழுங்கை. என் கணவரின் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணிக்கென்று வந்து குடியேறியவர்கள். வயல் இருந்தது, கல்வீடு இருந்தது. அக்காவின் ஆட்கள் மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். சின்னக் காணி, அதில் கச்சானும் மிளகாயும் போடுவார்கள். மிச்ச நாளில் கூலி வேலை. எங்கள் வயலுக்கே அக்கா களை பிடுங்க வந்திருக்கிறார். இதையெல்லாம் ஏன் சொல்கிறேனென்றால், என் பொறாமையில் பாதி அங்கேயிருந்துதான் வந்தது. அதை மறைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் சொன்னால் அது கதையே இல்லை.

அக்காவின் வாயில் ஒன்றும் நிற்காது. மகள் பிறந்தபோதே டொக்டர் சொல்லிவிட்டாராம், இந்தப் பிள்ளைக்கு எல்லாம் சுணங்கித்தான் வரும் என்று. பிள்ளையின் முகத்தைப் பார்த்தாலும் தெரியும். அக்கா அதைக் கடையில் சொன்னார், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், கோயிலில் பொங்கல் பானையைக் கிண்டிக்கொண்டு சொன்னார். "எம் புள்ளைக்கு மெதுவாத்தாங்க வரும். வரட்டும், நமக்கு என்ன அவசரம்?" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே பத்திக்கொண்டு வரும். சொல்லக்கூடிய விசயமா இது? அதிலும் சிரிக்க என்ன இருக்கிறது?

ஏனென்றால் என் வீட்டுக்குள்ளும் ஒரு பிள்ளை இருந்தது. என் மகன். பார்க்க ராசா மாதிரி இருப்பான். நடந்தான், ஓடினான், பல் முளைத்தது, எல்லாம் காலத்துக்கு நடந்தது. கதை மட்டும் வரவில்லை, ஒரு சொல்லும் பேசவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். சோடாப் போத்தல் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருப்பான், ஒன்று கோணினால் வீடே இடிந்ததுபோல் அழுவான். மிக்சி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் அவனோடு தரையில் இருந்து நெடுநேரம் விளையாடிப் பார்த்தார். பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஒரு கிளினிக் கொப்பி தந்தார். மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து இருக்கிற இடத்துக்கு இவனைக் கெதியாக அனுப்புங்கோ, ஒவ்வொரு மாதமும் பெறுமதி என்றார். நான் அந்தக் கொப்பியை அலுமாரியில் என் கூறைச்சேலைக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். "ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. பெடியனுக்கு முத்திரை குத்திப் போடுவாங்கள்" என்றார் என் கணவர். அவர் சொல்லியிருக்காவிட்டாலும் நான் பூட்டித்தான் இருப்பேன்.

முதலில் தூரத்திலுள்ள ஒரு முன்பள்ளிக்குக் கொண்டுபோனேன். அங்கே அவன் பத்து நிமிசம் கத்திய கத்தலில், "கதைக்கத் தொடங்கின பிறகு கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று படலை வரை வந்து வழியனுப்பிவிட்டார்கள். அன்றைக்கே முடிவெடுத்தேன், எங்கள் ஊர் முன்பள்ளியில் இது நடக்கக்கூடாது. பதிவுக்கு ஒரு மாதம் இருந்தது. அந்த மாதம் முழுக்க என் பிள்ளையைப் பழக்கினேன். கதிரையில் ஐந்து நிமிசம் அசையாமல் இருக்க, மூக்கைத் தொடு என்றால் தொட, கையை நீட்டினால் கை கொடுக்க. சரியாகச் செய்தால் ஒரு போத்தல் மூடி கிடைக்கும். அழ அழப் பழக்கினேன். சர்க்கஸ் குரங்கைப் பழக்குவதுபோல என்று இப்போது நினைத்தால் என் கையையே வெட்டவேண்டும் போலிருக்கிறது. அன்றைக்கு அது கெட்டித்தனமாகத்தான் தெரிந்தது.

பதிவு நாளன்று அவன் ஒரு குறையும் வைக்கவில்லை. வெள்ளைச் சேட்டும் சப்பாத்தும் போட்டு, இரண்டு மூடிகளைக் கைக்குள் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்தான். தலைமை ரீச்சர் பெயரைக் கேட்டார். அவன் அவரைப் பார்க்கவேயில்லை. "வெக்கம் ரீச்சர், வீட்டில நல்லாக் கதைப்பான்" என்று நான் முந்திக்கொண்டேன். ரீச்சர் ஒரு படிவத்தைத் தந்தார். பெயர், பிறந்த திகதி, தகப்பன் தொழில் எல்லாம் எழுதினேன். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது, 'பிள்ளை பற்றி நாங்கள் அறிந்திருக்கவேண்டியது ஏதும் உண்டா?' அதற்குக் கீழே ஒரேயொரு கோடு. நான் உயர்தரம் வரை படித்தவள், பாடசாலையில் அழகான கையெழுத்துக்குப் பரிசு வாங்கினவள். அந்தக் கோட்டில் முத்து முத்தாக 'இல்லை' என்று எழுதினேன். ரீச்சர் வாங்கிப் பார்த்தார். "ஒண்டுமில்லையோ?" என்றார். இல்லை என்றேன். மகனைப் பார்த்தார். "கிளினிக் ஒண்டுக்கும் போறேல்லையோ?" என்றார். இல்லை என்றேன். எழும்பும்போது திரும்பவும், "சொல்லுறதெண்டால் இப்பவும் சொல்லலாம் தங்கச்சி" என்றார். மூன்றாம் தரமும் இல்லை என்றேன்.

ஒரு கிழமையில் பெயர்களை எழுதி ஒட்டினார்கள். இடம் குறைவு, பிள்ளைகள் அதிகம், ஆகையால் வயது கூடிய பிள்ளைகளை முதலில் எடுத்திருந்தார்கள். என் மகனுக்கு அப்போதுதான் மூன்று முடிந்திருந்தது. அவன் பெயர் இல்லை. சரி, விதி என்று திரும்பியிருப்பேன். ஆனால் அடியில், எல்லாருக்கும் கடைசியாக, அக்காவின் மகளுடைய பெயர் இருந்தது. என் பிள்ளையைவிட இரண்டு மாதம் இளையது! கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பவும் வாசித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து, உலையில் அரிசி போட்டதை மறந்து, சட்டி அடிப்பிடிக்கும் வரை இருந்த இடத்திலேயே இருந்தேன்.

அந்த வருசம் நான் நல்ல பெண்ணாக இருக்கவில்லை. ஏழே முக்காலுக்கு யன்னலுக்குப் போகாமல் இருப்போம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன், கால் கேட்காது. அந்தப் பிள்ளை முதலில் ஒரு பாட்டின் பாதியைப் பாடிக்கொண்டு வந்தது. பிறகு முழுப்பாட்டையும் பாடிக்கொண்டு வந்தது. செருப்பைத் தானே போடப் பழகியது. முன்பள்ளி விளையாட்டுப் போட்டியை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் ஒரு பக்கம் ஓட, அது மறுபக்கமாக ஓடி உதவி ரீச்சரைக் கட்டிப்பிடித்தது. சனம் முழுக்கக் கைதட்டியது, அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் என் மகனின் கையை இறுக்கிப் பிடித்தேன். அவன் வலியில் இழுத்துக்கொண்ட பிறகுதான் எவ்வளவு இறுக்கினேன் என்பதே தெரிந்தது. என் பிள்ளையின் இடத்தில் அந்தப் பிள்ளை இருக்கிறது. வேறு எதுவும் என் தலைக்குள் இல்லை. அடுத்த நாள் கடையில் வைத்து வாயை விட்டேன். "அவா ஆரையோ பிடிச்செல்லோ இடம் எடுத்தவா. எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை" என்றேன்.

ஊரில் அப்படிப்பட்ட கதை அரை நாள்தான் ஒளித்துக் கிடக்கும். பின்னேரம் அக்கா படலையில் வந்து நின்றார். இன்றைக்கு வாங்கிக் கட்டப்போகிறேன் என்று நினைத்தேன். என் முகத்தில் ஈயாடவில்லை.

"தங்கச்சி, நான் யாரயோ புடிச்சி எடம் வாங்குனேன்னு சொன்னீங்களாமே?"

நான் படலைக் கொண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யாரையும் புடிக்கலங்க. அந்த ஃபோர்ம்ல கடைசியா ஒரு கோடு இருந்துச்சுல்ல, அதுலதான் எழுதுனேன். எடம் பத்தல. திருப்பிப் பின்னாலயும் எழுதுனேன். எது முடியும், எது முடியாது, எதுக்கு அழும், எப்புடிச் சமாதானம் பண்ணனும் எல்லாம். டீச்சர் படிச்சிட்டு, இப்புடி எழுதுனாத்தானே எங்களுக்குத் தெரியும்னாங்க. அவ்வளவுதான்." பிறகு என் காலடியில் மூடி அடுக்கிக்கொண்டிருந்த மகனைப் பார்த்தார். குரல் இறங்கியது. அந்த மனுசிக்கு அப்படியொரு குரல் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "நீங்களும் எழுதுங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்படியென்றால் தெரிந்திருக்கிறது. எவ்வளவு காலமாகத் தெரியுமோ! ஊரெல்லாம் கதைக்கிற வாய், என் பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. எனக்கு நன்றி வந்ததென்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். வரவில்லை. இன்னும் எரிச்சல்தான் வந்தது. அவவின் பிள்ளைக்கு முகத்திலேயே எழுதியிருக்கிறது, மறைக்க வழியில்லை, ஆகையால் சொல்வது லேசு என்று எனக்குள் நியாயம் பேசினேன். மறைக்கக்கூடிய பிள்ளையைப் பெற்றவளின் பாடு அவவுக்கு எங்கே தெரியும் என்று அழுதேன். ஆனாலும் அந்தப் பின்பக்கம் என்னை விடவில்லை. ஒரு தாய் தன் பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கிறாள். நான் என் பிள்ளையைப் பற்றி எழுதியது ஒரு சொல்.

அடுத்த பதிவு வந்தபோது அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்தேன். கணவர் பார்த்தார். "என்ன செய்யப்போறாய்?" என்றார். "எழுதப்போறன்" என்றேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து, மகனை முன்னால் வைத்து, ஏறு என்றார். முன்பள்ளி வாசலில் அவர் சைக்கிளோடு நிற்க, நான் மகனோடு உள்ளே போய் அந்தக் கோட்டில் தொடங்கி, படிவத்தைத் திருப்பி, பின்பக்கம் முடியும் வரை எழுதினேன். எழுத்தெல்லாம் கோழி கிளறியதுபோல் இருந்தது. மகன் கதிரையில் இருக்கவில்லை. மேசைக்குக் கீழே போய் மூடிகளை அடுக்கினான். நான் அவனை இழுக்கவில்லை.

ரீச்சர் முழுவதையும் வாசித்தார். "உங்கட பிள்ளைக்கு இடம் இருக்குது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் படிவத்தை மடித்து வைத்தார்.

"தங்கச்சி, இதைப் போன வருசமே எழுதியிருக்கலாமே. இப்பிடியான பிள்ளையள் ரெண்டு பேருக்கெண்டுதான் உதவி ரீச்சரைக் கேட்டு எடுத்தனாங்கள். அவைக்கு வயதும் பாக்கிறேல்லை. ஒரு பிள்ளைதான் வந்தது."

"மற்றது?" என்றேன்.

"மற்ற இடம் வருசம் முழுக்கச் சும்மாதான் கிடந்தது. எனக்கு உங்கட பிள்ளையில சந்தேகம் இருந்தது. அதுதானே மூண்டு தரம் கேட்டனான். தாய் இல்லையெண்டு எழுதிக் கையெழுத்தும் வைச்ச பிறகு நான் என்னெண்டு சொல்லுறது?"

மகன் ஜனவரியில் போகத் தொடங்கினான். முதல் மாதம் கத்தினான். இரண்டாம் மாதம் அக்காவின் மகளுக்குப் பக்கத்தில் இருந்தான். ஐந்தாம் மாதம் ஒரு காலையில் நான் முகத்துக்குப் பவுடர் போடப் போக, என் கையைத் தட்டிவிட்டு, "வேண்டாம்" என்றான். தெளிவாக, கோபமாக. அவன் இந்த உலகத்துக்குச் சொன்ன முதல் சொல் அது. நான் அவனைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடினேன். அக்கா குடையைப் போட்டுவிட்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்து என்னைவிடச் சத்தமாக அழுதார்.

இப்போது இரண்டு பேரும் ஊர்ப் பாடசாலைக்கு ஒன்றாகப் போகிறார்கள். மகன் கதைக்கிறான், சில நேரம் நிறுத்தச் சொல்லவேண்டியிருக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். சும்மா கிடந்த அந்த இடத்தைப் பற்றி நான் கணவருக்கும் சொல்லவில்லை, அக்காவுக்கும் சொல்லவில்லை. மகனுக்கு ஒருநாள் சொல்லவேண்டும். அவன் ஒரு சொல் பேசினாலும் எனக்கு அது ஒரு வருசம் பிந்தி வந்த சொல்லாகத்தான் கேட்கிறது. இன்னும் அக்காவில் பொறாமையா என்று கேட்டால், ஓம், பொறாமைதான். பிள்ளைக்குச் சொல்லப் பயப்படுகிற ஒரு வருசம் அவவுக்கு இல்லை.