பி பக்கம் தள்ளாத சுவிட்ச்

எங்கள் வீட்டுப் பேபி அலாமின் அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது. ஒரு பக்கம் ஏ, மறுபக்கம் பி. ஏழு மாதமாக அதை நான் ஏன் பி பக்கம் தள்ளாமல் இருந்தேன்? மகளுக்கு இப்போது எட்டு வயதாகிறது. இந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் நேரான பதில் இல்லை. எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் பதில் ஒன்று உண்டு. அதை வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இங்கே சொல்லத்தான் போகிறேன்.

பேபி அலாம் என்பது இரண்டு வெள்ளைப் பெட்டிகள். ஒன்றைப் பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். மற்றதைத் தாய் தன்னோடு கொண்டு திரியலாம். அடுத்த அறையில் பிள்ளை மூச்சு விடுவதுகூட அதில் கேட்கும்.

அதை நான் வாங்கச் சொன்னதற்குக் காரணம் கிளினிக். பிள்ளையைக் குப்புறப் படுக்க வைக்க வேண்டும் என்று பிரசவத்துக்கு முன் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். நான் சொன்னதைச் செய்கிறவள். தருகிற துண்டுப்பிரசுரத்தைக் கடைசி வரி வரை வாசிக்கிறவள். மகளுக்கு இரண்டு மாதம் ஆனபோது, வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்க்கும் நேர்ஸ், இனிமேல் நிமிர்த்தித்தான் படுக்க வைக்க வேண்டும், குப்புறப் படுத்தால் ஆபத்து என்றார். முன்பு சொன்னது பிழை என்று அவர் சொல்லவில்லை. இப்போது இப்படி என்று மட்டும் சொன்னார். இரண்டு மாதமாக என் பிள்ளையை நானே ஆபத்தில் படுக்க வைத்திருக்கிறேன் என்ற எண்ணம் அதன் பிறகு என்னை விடவில்லை. சமைக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிப்போய் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன்.

கணவர் ஒரு சேர்ச் மண்டபத்தில் நடந்த பழைய பொருள் விற்பனையில் அந்தப் பெட்டிகளை வாங்கி வந்தார். வாங்கி வந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒம்பது பெத்தவ எங்கடை அம்மா. ஒண்டுக்கும் வயர் பூட்டேல்லை."

"ஒம்பதும் உங்களை மாதிரித்தான் வந்தது. அதுதான் பயப்படுறன்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு வேலைக்குப் போனார். பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட். போனால் பன்னிரண்டு மணித்தியாலம் வரமாட்டார்.

நாங்கள் இருந்தது ஈஸ்ட் ஹாமில், ஹை ஸ்ட்ரீட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், கடை வரிசைக்கு மேலே இருந்த இரண்டு அறை வீட்டில். மரக்கறி வாங்கப் போனால் தமிழ் கேட்கும். வாங்கி முடித்துத் திரும்பினால் இல்லை. கணவருடைய ஒன்றுவிட்ட தமக்கை மிச்சம் என்ற ஊரில் இருந்தார். லண்டனின் அந்தக் கடைசித் தொங்கல். பிள்ளையோடு இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் மாறிப் போக எனக்குத் துணிவு வரவில்லை. மனிதக் குரல் கேட்க வேண்டும் என்பதற்காகவே சில நாட்கள் ரெலிபோனில் நேரம் சொல்லும் இலக்கத்தைச் சுற்றியிருக்கிறேன்.

பெட்டி வந்த இரண்டாம் வாரம். மகள் என் மடியில் இருந்ததால் அவளுடைய அறைப் பெட்டியை நிறுத்தியிருந்தேன். சமையலறையில் இருந்த என் பெட்டியை நிறுத்த மறந்துவிட்டேன். அதற்குள்ளிருந்து திடீரென்று ஒரு பெண் குரல் வந்தது.

"இஞ்சை பார் ராசா. ரீவியிலை மழை வரும் எண்டு சொல்லுறதுக்கு ஒரு ஆளை வைச்சுச் சம்பளம் குடுக்கிறாங்கள். சன்னலைத் திறந்தாத் தெரியாதே?"

நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். பிறகுதான் விளங்கியது. பக்கத்தில் எங்கோ இன்னொரு தாயிடமும் இதே மாதிரிப் பெட்டி இருக்கிறது. அவள் பிள்ளையோடு கதைப்பது என் பெட்டியில் விழுகிறது. பெட்டியோடு வந்த தாளில் இதற்கும் ஒரு வரி இருந்தது: வேறு வீட்டுச் சத்தம் கேட்டால் சுவிட்சை மறு பக்கம் தள்ளவும். வாசித்தேன். சுவிட்சில் விரலையும் வைத்தேன். தள்ளவில்லை.

அதன் பிறகு என் நாட்கள் அந்தக் குரலைச் சுற்றித்தான் நடந்தன. மதியம் மகளை என்னோடு வைத்துக்கொண்டு, அவளுடைய பெட்டியை நிறுத்திவிட்டு, என் பெட்டியின் சத்தத்தைக் கூட்டுவேன். அந்தப் பெண்ணுக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஒரு அபிப்பிராயம் இருந்தது. கேட்பதற்கு மூன்று மாதப் பிள்ளை மட்டும்தான் இருந்தது.

"குப்புற எண்டாங்கள். இப்ப நிமிர எண்டுறாங்கள். அடுத்த வருசம் வௌவால் மாதிரித் தலைகீழாத் தூக்கச் சொல்லுவாங்கள். நீ பயப்பிடாதை, கொம்மா தூக்கமாட்டா."

"பிறந்து ஒரு கிழமையிலை உனக்கு நம்பர் போட்டு ஃபைல் திறந்திட்டாங்கள். கொம்மா நாலு வருசமா, இந்த நாட்டிலை இருக்கலாம் எண்ட ஒரு கடிதத்துக்குக் கதவைப் பாத்துக்கொண்டிருக்கிறா."

"பஸ்ஸிலை அந்தக் கிழவி உன்னைப் பாத்து ஹலோ டார்லிங் எண்டவள். என்னைப் பாத்தவளே? நான் தள்ளுவண்டிலுக்குப் பின்னாலை நிண்ட தடி."

அந்தத் தடிக் கதையைக் கேட்டு நான் தனியே நின்று சத்தமாகச் சிரித்தேன். "ஓம், எனக்கும் அப்பிடித்தான்" என்று பெட்டிக்குப் பதிலும் சொன்னேன். அப்படிப் பதில் சொல்வது மெல்ல மெல்லப் பழக்கமாகிவிட்டது.

போய்த் தேடிக் கதைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். சந்தித்தால் முதல் கேள்வி எந்த ஊர், இரண்டாவது யாருடைய பிள்ளை. மூன்றாவது கேள்விக்குள் ஒருவரை ஒருவர் எடைபோட்டு முடித்துவிடுவோம். அதோடு, உங்களை நான் இத்தனை நாள் ஒளித்திருந்து கேட்டேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் சுவிட்சைத் தள்ளிவிடுவாள். குரல் போய்விடும். நேர்ஸ் ஒருமுறை என்னிடம், மனம் விட்டுக் கதைக்க யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். ஓம், ஒருவர் இருக்கிறார் என்றேன். அவர் அதைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

கோடை முடிகிற நேரம் குரலில் ஒரு மாற்றம் வந்தது. மதியத்தில் பிள்ளையைத் தாலாட்டிவிட்டு மெதுவாகச் சொல்வாள்: "ரெண்டே ரெண்டு மணித்தியாலம். கடையளுக்குப் பின்னாலை உள்ள தையல் இடம், கூப்பிடு தூரம். பெட்டியைக் காதுக்குப் பக்கத்திலை வைச்சுத்தான் பொத்தான் தைப்பன். உன்ரை மூச்சு எனக்குக் கேக்கும்." பிறகு கதவு சாத்தும் சத்தம். அதன் பின் ஒரு பிள்ளையின் மூச்சு மட்டும்.

அந்தத் தையல் இடம் எங்கள் கடை வரிசையின் பின்பக்கம், என் சமையலறைக்கு நேர் கீழே இருந்தது. அவள் அப்படிச் சொன்ன முதல் நாள் சன்னலால் எட்டிப் பார்த்தேன். கீழே குறுகிய ஒழுங்கையில் நீலக் கோட் போட்ட ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக வந்தாள். கையில் வெள்ளைப் பெட்டி. மேலிருந்து பார்த்ததால் தலை வகிடு மட்டும்தான் தெரிந்தது.

அந்த இரண்டு மணித்தியாலமும் நான் அசையமாட்டேன். யாரோ பெற்ற பிள்ளையின் மூச்சை எண்ணிக்கொண்டு இருப்பேன். அது சிணுங்கினால் அவள் உடனே ஓடுவது சன்னலால் தெரியும். இது சரியா, நேர்ஸிடம் சொல்ல வேண்டுமா என்று நினைத்து நினைத்து ஒருநாள் கணவரிடம் கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, ஒரு தாய் பிள்ளையைத் தனிய விட்டிட்டு வேலைக்குப் போனா இஞ்சை என்ன செய்வாங்கள்?"

"ஆர் விட்டது?"

"ஒருத்தரும் இல்லை. சும்மா கேட்டனான்."

"கவுன்சில் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போடும். இஞ்சேரும், நீர் வெளியிலை ஒருத்தரிட்டையும் சும்மா கேட்டுக்கீட்டு வையாதையும்."

"அப்ப பாக்க ஆள் இல்லாத தாய் என்ன செய்யிறது?"

"அதுக்கு நிரப்ப இன்னும் கவுன்சிலிலை ஃபோம் அடிக்கேல்லை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேர்ஸிடமும் சொல்லவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேனே, இரண்டு காது காவல் இருக்கிறதே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு நாள் மகளுக்கு ஊசி போட்டு வந்தோம். காய்ச்சலும் மூக்கடைப்பும். மருந்து கொடுத்து அறையில் படுக்க வைத்தேன். காய்ச்சல் பிள்ளை என்பதால் அன்று மதியம் அவளுடைய பெட்டியைப் போட்டேன். என் பெட்டியில் அவளுடைய அடைத்த மூச்சு கர் கர் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு மணித்தியாலம் அசையாமல் தூங்கினாள். அவள் விழித்ததும் போய்த் தூக்கினேன். அவளுடைய பெட்டியை நிறுத்தினேன். சமையலறைக்கு வந்தேன்.

அங்கே என் பெட்டியில் மற்றப் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அப்போது தொடங்கிய அழுகை அல்ல. கத்திக் கத்தித் தொண்டை கட்டி, விக்கலாக மாறிய அழுகை. சன்னலுக்கு ஓடினேன். கீழே கதவு படீரென்று திறந்தது. நீலக் கோட்டைப் போடாமலே அவள் ஒழுங்கையால் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் பெட்டியில் வந்தது.

"ஐயோ என்ரை குஞ்சு! நித்திரை எண்டெல்லோ இருந்தனான். மூச்சுக் கேட்டுதே! மூக்கடைச்ச மாதிரி இழுத்து இழுத்துக் கேட்டுது. தடிமன் வரப்போகுதாக்கும் எண்டு நினைச்சனே ஒழிய..."

மகளைத் தூக்கி வைத்தபடி அப்படியே நின்றேன். அவளுடைய மூக்கு என் தோளில் கர் கர் என்றது.

அந்தப் பெண் காதுக்குப் பக்கத்தில் வைத்திருந்த பெட்டியில் கேட்டது என் மகளின் மூச்சு. எங்கள் வீடு தையல் இடத்துக்கு நேர் மேலே. அந்தப் பெண்ணின் அறை ஒழுங்கைக்கு அப்பால். கிட்ட இருந்த சத்தம் தூர இருந்ததை மூடிவிட்டது. மற்ற மதியங்களில் நான் அவளைக் கேட்பதற்காக எங்கள் பெட்டியை நிறுத்தி வைத்ததால்தான் அவளுக்குத் தன் பிள்ளையைக் கேட்க முடிந்தது. முதல் நாளே நான் எங்கள் இரண்டு பெட்டியையும் பி பக்கம் தள்ளியிருந்தால் இந்த ஒரு மதியம் நடந்திருக்காது.

பெட்டியில் அவள் அழுதாள். "மிசினிலை பிழையில்லை ராசா. கொம்மான்ரை காதிலைதான் பிழை. தாய்க்குக் கேக்காம இருக்குமே?" என்றாள். பிறகு ஒரு கிளிக் சத்தம். அவ்வளவுதான். அந்தக் குரல் பிறகு வரவே இல்லை.

உடனே இறங்கி ஓடியிருக்க வேண்டும். மூன்று நாள் யோசித்தேன். கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "கள்ளக்காது குடுத்ததைப் போய்ச் சொல்லப் போறீரே? பிள்ளை சுகமாத்தானே இருக்கும், விடும்" என்றார். நாலாம் நாள் மகளைத் தள்ளுவண்டிலில் வைத்துக்கொண்டு தையல் இடத்துக்குப் போனேன். சொல்ல வேண்டியதைத் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை மனப்பாடம் செய்திருந்தேன். நீலக் கோட் அங்கே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் இனி வரமாட்டாள், வீடு எதென்று தெரியாது என்றார்கள். வீட்டுக்கு வந்து, அவள் அந்தப் பக்கம் மாறியிருப்பாளோ என்று சுவிட்சைப் பி பக்கம் தள்ளினேன். அதில் இரைச்சல் மட்டும் கேட்டது.

இந்த வருடம் தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆர்ச்வேயில் கோயிலுக்குப் போனோம். செருப்புக் கழற்றும் இடத்தில் குனிந்திருந்தபோது பின்னால் அந்தக் குரல். எத்தனை வருடம் போனாலும் அதை நான் அறியாமல் இருக்க முடியாது. கூட வந்த பெண் அவளிடம், மகன் பள்ளிக்கூடத்தால் தனியே வருகிறானே, ஒரு மொபைல் போன் வாங்கலாமே என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"போனிலை என்ன இருக்கு அக்கா? கேக்கிற காதெல்லோ வேணும்" என்றாள் அவள், சிரித்துக்கொண்டு. "நான் காது கேளாத தாய். இவன் குழந்தையா இருக்கேக்கை தொண்டை கிழியக் கத்தினவன். காதுக்குப் பக்கத்திலை மிசினை வைச்சுக்கொண்டு எனக்குக் கேக்கேல்லை. அதுக்குப் பிறகு இவனை விட்டிட்டு நான் ஒரு வேலைக்கும் போகேல்லை."

"அம்மா, ப்ளீஸ், நொட் அகெய்ன்" என்றான் பக்கத்தில் நின்ற பையன். உயரமாக, நல்ல சுகமாக இருந்தான்.

நான் நிமிரவில்லை. செருப்பின் வாரைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தேன். அவர்கள் உள்ளே போனார்கள். மகள் என்னைப் பார்த்து, "அம்மா, ஏன் அழுறீங்கள்?" என்று கேட்டாள். வாசலில் சாம்பிராணிப் புகை என்றேன்.

இதை ஒரு வேடிக்கைக் கதைபோல அவள் பலருக்கும் சொல்லி வருகிறாள் என்று தெரிகிறது. கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். சிலர் மனதுக்குள் அவளைக் குறையும் சொல்லியிருப்பார்கள். அது அவள் பிழை அல்ல என்று தெரிந்தவர்கள் உலகத்தில் நானும் கணவரும் மட்டும்தான். சொன்னால் அவள் மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கலாம். அல்லது, தன் அறைக்குள் தன் பிள்ளையோடு மட்டும் பேசியதாக நினைத்த ஏழு மாதப் பேச்சையும் ஒரு அந்நியப் பெண் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்து, அந்தப் பாரத்தைவிடப் பெரிய ஒன்று ஏறலாம். வேண்டாத காரணம் ஒன்றுக்காக இத்தனை வருடம் வீட்டில் இருந்துவிட்டேன் என்றும் அவள் நினைக்கலாம். எனக்கு நிம்மதி வேண்டும் என்பதற்காகத்தான் சொல்லப் பார்க்கிறேனோ என்ற சந்தேகமும் விடவில்லை.

அதற்குப் பிறகு நான்கு வெள்ளிக்கிழமை அதே கோயிலுக்குப் போனேன். இரண்டு முறை அவளைக் கண்டேன். ஒருமுறை அவளே என்னைப் பார்த்துச் சிரித்து, எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஈஸ்ட் ஹாம் என்றேன். "நாங்களும் முந்தி அங்கைதான்" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

வருகிற வெள்ளி மறுபடியும் போகப்போகிறேன். இதை வாசிக்கிற தாய்மாரே, உங்களில் யாருக்காவது இப்படி ஒரு சேதியைச் சொல்லவோ கேட்கவோ நேர்ந்திருந்தால் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். நீங்கள் அவளாக இருந்தால் இதைத் தெரிந்துகொள்ள விரும்புவீர்களா? விரும்புவீர்கள் என்றால், கோயில் வாசலில் நின்று நான் எந்த வார்த்தையில் தொடங்க வேண்டும்?