வாய் திறக்காத சனிக்கிழமை

பஸ்ஸில் பேர்ணடெற் அக்காவுக்குப் பக்கத்தில் ஒருமுறை இருந்தவர்களுக்கு அவருடைய முழங்கால் ஒப்பரேஷன் அத்துப்படி. மன்னாரிலிருந்து இந்தக் குளிர்நாட்டுக்கு வந்த நாள்தொட்டு விமானச் சாப்பாடு கட்டும் சமையல்கூடமொன்றில் தட்டு அடுக்குகிறவர். அங்கே மெஷின் இரைச்சலுக்கு மேலாகக் கதைத்துப் பழகிய குரல், பிறகு எங்குமே இறங்கவில்லை.

வீட்டில் கதை கேட்க ஆளிருந்த காலமும் உண்டு. மகள் ஜெனாட் கல்யாணம் முடித்துக் கல்கரிக்குப் போய்விட்டாள். கணவர் இக்னேசியஸுக்குச் சனிக்கிழமைகளில் வேலை. அன்றைக்கு மல்வேர்ன் பகுதியிலிருந்த அந்த வீட்டில் தனியே இருப்பதென்றால் அக்காவுக்கு அழுகை வரும். அதனால்தான், மாதா கோயிலில் பழக்கமான றூபனும் அவனுடைய ஒஃபிசில் கணக்குப் பார்க்கும் கோயம்புத்தூர்க் கிருஷ்ணவேணியும் பறவை பார்க்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் தானும் காரில் ஏறிக்கொண்டார். பறவைகளில் அவருக்குப் பெரிய பிடிப்பு ஒன்றுமில்லை. ஓடும் காரில் இரண்டு பேர் இருக்கிறார்கள், இறங்கி ஓட முடியாது, அதுதான் விசேஷம்.

போன கிழமை வினை வந்தது. வீட்டுத் தரகனான றூபன் மூன்று குளிர்காலமாகப் பனி ஆந்தை ஒன்றைப் படமெடுக்கத் தவம் கிடக்கிறவன். ஏரிக்கரைப் பாறையில் அது வந்து இருந்தது. அவன் மூச்சை அடக்கிக் கமராவைத் திருப்பிய நேரம் பார்த்து, அக்கா கிருஷ்ணவேணியிடம் எலுமிச்சஞ்சாதத்துக்குக் கடுகு எப்போது போடுவது என்று கேட்டார். ஆந்தை போய்விட்டது.

இந்தக் கிழமை காரில் ஏறும்போதே றூபன் சொல்லிவிட்டான்.

"குறை நினைக்காதேங்கோ அக்கா. அங்கை ஒரு சொல்லுக் கதைச்சாலும் வாற சனிக்கிழமை உங்களை ஏத்த வரமாட்டன்."

அக்கா தலையாட்டினார்.

ஏரிக்கரையில் மைனஸ் இருபத்திரண்டு. மூக்கு இன்னும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டிய குளிர். அக்கா இரண்டு காற்சட்டையும் இக்னேசியஸின் பெரிய ஜக்கற்றும் போட்டு, தன்னைத் தானே நம்பாமல் சால்வையால் வாயை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தார். மற்ற இருவரும் பாறைக்குப் பின்னால் குந்தியிருந்து ஏரியையே பார்த்தார்கள். ஏரியில் ஒன்றுமில்லை. காற்று முகத்தை அறைய, அக்கா திரும்பி நின்றார்.

றூபனின் காருக்கு மேலே ஆந்தை இருந்தது.

கார்க் கதவில் கோட்டும் சூட்டுமாக விளம்பரப் படத்தில் றூபன் சிரிக்க, அவன் தலைக்கு நேர்மேலே வெள்ளை வெளேரென்று, காரை வாங்கவந்த ஆள் மாதிரி அது நிமிர்ந்து இருந்தது. மஞ்சள் கண்ணால் அக்காவைப் பார்த்தது. அக்காவுக்குத் தொண்டைவரை கதை வந்து முட்டியது. வாயைத் திறந்தால் சனிக்கிழமை போய்விடும்.

றூபனின் தோளைத் தட்டினார். அவன் திரும்பாமலே "உஷ்" என்றான். கிருஷ்ணவேணியின் கையைப் பிடித்து இழுத்து, கண்ணை உருட்டி முழித்தார். இரண்டு கையையும் சிறகு மாதிரி அடித்துக்காட்டினார். குந்தி எழும்பினார். காரைக் காட்டிக் காட்டித் துள்ளினார். அவர் போட்டிருந்த ஜக்கற்றின் அகலத்தில் கிருஷ்ணவேணிக்கு அக்காவின் பின்னால் இருந்த எதுவும் தெரியவில்லை.

"றூபன், அக்காவுக்கு அவசரமா பாத்ரூம் போகணும் போலிருக்கு."

றூபன் பெருமூச்சு விட்டுக் கமராவை மடக்கினான். அவனுடைய மூக்குக்கண்ணாடி முழுக்க உறைபனி. தலையைக் குனிந்தபடி பொக்கற்றுக்குள் கையை விட்டுக் கார்த் திறப்பின் பொத்தானை அமத்தினான். கார் "கீக்" என்றது. ஆந்தை எழும்பி, மூன்று பேருடைய தலைக்கும் மேலால் சத்தமேயில்லாமல் ஏரிப்பக்கம் பறந்தது. அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கிருஷ்ணவேணி காற்றுக்குப் பயந்து முகத்தை மூடியிருந்தாள்.

காருக்குள் ஏறி, ஹீற்றர் சுட்டபிறகு றூபன் சொன்னான். "இனிக் கதைக்கலாம் அக்கா. கோப்பிக் கடையிலை நிப்பாட்டுறன், அங்கை பாத்ரூம் இருக்கு."

அக்கா சால்வையை அவிழ்த்தார். "எனக்கு பாத்ரூம் வேண்டாம் தம்பி. உம்மடை காருக்கு மேலை ஆந்தை இருந்தது."

றூபன் இறங்கிப் போய்ப் பார்த்தான். கூரைப் பனியில் இரண்டு கால் பதிந்திருந்தது, நகங்களோடு. திரும்பி வந்து ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி அழுமாப்போல இருந்தான்.

"ஏன் அக்கா சொல்லேல்லை?"

"சொன்னால் ஏத்த வரமாட்டன் எண்டனீர்." அக்காவின் குரல் முதல்முறையாக இறங்கியது. "சனிக்கிழமையிலை எனக்கு வேறை ஆர் இருக்கினம்?"

றூபன் காரை எடுத்து வீதிக்குத் திருப்பினான்.

"எப்பிடி இருந்தது அக்கா? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ," என்றான் றூபன்.

அக்கா தொடங்கினார். காலையில் கேத்திலை வைத்ததிலிருந்து தொடங்கினார். இக்னேசியஸின் ஜக்கற் கிடைக்காமல் தேடியது, முழங்கால், ஜெனாட் எடுத்த போன், எல்லாம் வந்தன. அக்கா வீட்டுக்குப் போகும் மல்வேர்ன் திருப்பம் வந்தபோது கதையில் ஆந்தை இன்னும் வந்து சேரவில்லை. றூபன் காரைத் திருப்பாமல் நேரே ஓட்டினான்.